அம்மா கண்ணை மூடித் திறந்தாள்

விசாரணை ஐயா இருந்தார். சிங்களவர். மேசைக்குப் பின்னால், கைப்பிடி வைத்த கதிரையில்.

அவர் பக்கத்தில் மொழிபெயர்க்கிற ஐயா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா.

அப்பா இருந்தார். கோட்டுப் போட்டிருந்தார். பழைய துரை சீமைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. மழையில் நனைந்து நாய் வாடை அடித்தது.

மாமா இருந்தார். அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

அத்தை இருந்தாள். மாமாவின் மனைவி. வாயில் வெற்றிலை. துப்ப இடமில்லாமல் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தாள்.

மாமா மகன் இருந்தான். தலைக்கு எண்ணெய் வழிய வழியத் தேய்த்திருந்தான்.

அக்கா இருந்தாள். பதினெட்டு முடிந்திருந்தது.

அம்மா இருந்தாள்.

நான் இருந்தேன். ஒன்பது வயது.

தம்பியைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். அதனால் அவன் இல்லை.

கண்டி டவுனில் ஒரு கந்தோர், அரசாங்க ஆபீஸ். மாடி அறை. அன்று அங்கே முடிவாக வேண்டியது ஒன்றுதான். அக்கா எங்களோடு இங்கேயே இருப்பதா, மாமா குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போவதா.

அதை முடிவு செய்தது நான். ஒரே ஒரு சொல்லால். ஐம்பது வருடத்துக்கு மேலாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் வேறு விதமாகத் தெரியவந்தது. கேட்ட நிமிடத்திலிருந்து நெஞ்சுக்குள் ஏதோ கழன்ற மாதிரி இருக்கிறது. எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். என் வயதுக்காரர்களுக்கு, லயத்தில் பிறந்தவர்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பேரப்பிள்ளைகள் படித்தால் புரிய வேண்டும் என்று கொஞ்சம் விளக்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹுன்னஸ்கிரியப் பக்கம். லயம் என்றால் நீள வரிசை வீடு. ஒரு லயத்தில் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. ஒரு காம்பராவுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் சுவர் உண்டு, ஆனால் கூரை வரைக்கும் இல்லை. மேலே ஒரு முழம் திறந்து கிடக்கும். முதல் காம்பராவில் பிள்ளை தும்மினால் நாலாவது காம்பராவில் "நூறு" என்பார்கள். யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் இரண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதனால் ஊர் கேட்கக்கூடியதைத்தான் வாயால் பேசுவோம். மற்றதெல்லாம் கண், கை, பாத்திரம்.

அப்பா தேத்தண்ணி குடிக்கிற தகரப் பேணியைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று அர்த்தம். தள்ளி வைத்தால் கோபம். வாசலில் ஒருதரம் இருமினால் அவர் மட்டும் வருகிறார். இரண்டுதரம் இருமினால் கூட ஆள் வருகிறது, அம்மா முந்தானையைச் சரிசெய்துகொள்வாள்.

அம்மாவுக்குக் கண். ஒரு புருவம் ஏறினால் வாயை மூடு. வாசலைப் பார்த்தால் அடுத்த காம்பராவில் போய்க் கேட்டு வாங்கி வா. காதுத் தோட்டைத் தொட்டால் சீனி முடிந்துவிட்டது, வந்தவருக்குக் கருப்பட்டித் துண்டோடு தேத்தண்ணி கொடு. இரண்டு கண்ணையும் ஒருதரம் மெதுவாக மூடித் திறந்தால் ஆமாம். செய், சொல்லு, கொடு, எல்லாம் அதுதான்.

பெரிய ஆட்கள் முன்னால் இது சட்டம் மாதிரி. துரை கேட்டாலும் கணக்கப்பிள்ளை கேட்டாலும் மருந்து கொடுக்கிற ஐயா கேட்டாலும், பிள்ளைகள் முதலில் அம்மா கண்ணைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் பதில் சொன்னால் வீட்டுக்குப் போய்த் தொடையில் கிள்ளு விழும். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

ஒருதரம் தொழிலாளர் சங்கத்துத் தலைவர் எங்கள் காம்பராவுக்கு வந்தார். வெள்ளை வேட்டி. அப்பா பலகையைத் துடைத்துப் போட்டார். அம்மா தோட்டைத் தொட்டாள். நான் எழுந்து கருப்பட்டி எடுக்கப் போனேன். தம்பி சத்தமாகக் கேட்டான்.

"அம்மா, காதுக்குள்ள எறும்பு போயிருச்சா?"

அம்மா புருவத்தைத் தூக்கினாள்.

"புருவத்துலயும் எறும்பா?"

தலைவர் சிரித்துவிட்டார். "சீனி இல்லாட்டி பரவாயில்லம்மா. எங்க வீட்லயும் இதே எறும்புதான்" என்றார்.

அவர் போன பிறகு அம்மா என் தலையைத் தொட்டு அப்பாவிடம் சொன்னாள். "இவளுக்கு வாய் தொறக்கவே தேவையில்ல. கண்ணப் பாத்தாப் போதும்." அதைக் கேட்டு எனக்கு ஒரு கெர்வம். அந்த லயத்திலேயே நான்தான் கண் படிக்கத் தெரிந்தவள் என்று திரிந்தேன்.

மலையிலும் அப்படித்தான். கொழுந்து எடுக்கிற பெண்கள் நிரையில் நிற்பார்கள். இடுப்பில் படங்குச் சாக்கு, நெற்றியில் கூடைக் கயிறு. கங்காணி வருகிறார் என்றால் முதலில் பார்க்கிறவள் கூடை விளிம்பில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவாள். அடுத்தவள் தட்டுவாள். அந்தச் சத்தம் நிரை முழுக்க ஓடும். பேச்சு நின்றுவிடும். நான் பள்ளி விட்டு அம்மாவுக்குத் தேத்தண்ணிப் போத்தல் கொண்டுபோகும்போது கேட்டிருக்கிறேன். எங்கள் கங்காணிக்கும் அது தெரியும். சில நாள் அவரே புதருக்குப் பின்னால் நின்று தன் தடியில் இரண்டு தட்டுத் தட்டுவார். எல்லோரும் வாயை மூடியதும் வெளியே வந்து, "என்னாடி, யாரைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க? நம்மளைத்தானே?" என்பார்.

அந்த வருடம் மழை விடவில்லை. ஈரச் சாக்கும் விறகுப் புகையும் சேர்ந்து லயம் முழுக்க ஒரு வாடை. அந்த மழையில் கண் நோவு வந்தது. காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொள்ளும். எனக்கு வந்தது. தம்பிக்கு வந்தது. லயத்தில் பாதிப் பேர் முயல் மாதிரிச் சிவந்த கண்ணோடு திரிந்தார்கள். மருந்து ஐயா ஒரு சொட்டு விடுவார். தீ மாதிரி எரியும்.

அதே மழையில்தான் கடதாசிக் கதையும். இரண்டு அரசாங்கமும் எங்களைப் பங்குபோட்டுக்கொள்ள ஒப்பந்தம் செய்து, இந்தியாவுக்குப் போகிறவர்கள் ஒரு விண்ணப்பக் கடதாசி, இங்கே இருக்கிறவர்கள் ஒரு கடதாசி என்று எழுதிப் போட்ட காலம். எந்தக் கடதாசியில் எது கிடைக்கும் என்று சரியாகத் தெரிந்தவர் எங்கள் லயத்தில் யாரும் இல்லை. ஒருவர் இந்தியாவில் காணி கொடுக்கிறார்கள் என்பார். ஒருவர் இங்கே ரேசன் நிறுத்தப்போகிறார்கள் என்பார். மாமா இந்தியாவுக்குப் போட்டார். அப்பா இங்கேயே இருப்பதற்குப் போட்டார்.

அதற்கு முந்திய தை மாதம்தான் அக்காவுக்கும் மாமா மகனுக்கும் பரிசம் போட்டிருந்தது. தாம்பாளம் மாற்றி, வெற்றிலை கொடுத்து, எல்லாம் முறைப்படி. அதனால் மாமா தன் கடதாசியில் வரப்போகிற மருமகள் என்று அக்கா பெயரையும் எழுதிவிட்டார். அப்பா தன் கடதாசியில் மகள் என்று எழுதியிருந்தார். ஒரே பிள்ளை, இரண்டு கடதாசி.

அப்பாவுக்குத் தெரிந்ததும் தாம்பாளத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். "கடலுக்கு அங்கிட்டுப் போற எடத்துல எம் மகளைக் குடுக்க மாட்டேன்" என்றார். லயம் முழுக்கக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்து மெதுவாக ஒன்று சொன்னார். அது எனக்கு மட்டும் கேட்டது.

"ஒங்க அண்ணன் பக்கம் சாஞ்சேன்னா நீயும் அவனோடயே கப்பல் ஏறிக்க."

அக்கா ஒன்றும் பேசவில்லை. அழவில்லை. வழக்கம் போல மலைக்குப் போனாள், வந்தாள், விறகு உடைத்தாள். அவள் பேசாததை ஆளுக்கு ஒரு விதமாக எடுத்துக்கொண்டார்கள். அப்பா சொன்னார், "பாத்தியா, ஒரு வார்த்த பேசல. எஞ் சொல்லுக்குக் கட்டுப்பட்ட புள்ள." அத்தை தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பத்துப் பேர் முன்னால் சொன்னாள், "மாட்டேன்னு ஒரு வார்த்த சொன்னாளா? எங்க வீட்டுக்கு வாரதுக்கு மனசு இருக்கப்போயித்தானே பேசாம இருக்கா."

எனக்கு அக்காவைப் படிக்கத் தெரியவில்லை. அம்மாவை மட்டும்தான் தெரியும்.

விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. இரண்டு குடும்பமும் ஒரே பஸ்ஸில் போனோம். அப்பா முன்னால், மாமா பின்னால். அத்தை எனக்கு ஒரு கடலை உருண்டை கொடுத்தாள். நான் அம்மா கண்ணைப் பார்த்தேன். அம்மா மூடித் திறந்தாள். வாங்கிக்கொண்டேன். அம்மாவின் கண் சிவந்து வீங்கியிருந்தது. அம்மாவுக்கும் நோவு தொற்றிவிட்டது என்று நினைத்தேன். என்னால்தான் தொற்றியது என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கந்தோர் அறையில் சுவர் நிறைய அலுமாரி. அலுமாரி நிறையக் கயிறு கட்டின கடதாசிக் கட்டுகள். விசாரணை ஐயா எங்கள் இரண்டு கட்டையும் அவிழ்த்து முன்னால் வைத்தார். சிங்களத்தில் கேட்டார். மற்ற ஐயா தமிழில் கேட்டார்.

"இந்தப் பிள்ளை ஆற்றை கணக்கு?" யாருடைய கணக்கு என்று.

அப்பா முந்திக்கொண்டார். "எம் மகளுங்க. எங் கடதாசியில இருக்குங்க."

"பரிசம் போட்டாச்சுங்க" என்றார் மாமா. "தாம்பாளம் மாத்துனது தோட்டத்துக்கே தெரியும்."

"தாம்பாளத்தத்தான் திருப்பிக் குடுத்துட்டேன்ல?"

"தாம்பாளத்தக் குடுத்தே. அதுல இருந்த வெத்தலைய நீதானய்யா தின்னே?"

மொழிபெயர்க்கிற ஐயா அதையும் அப்படியே சிங்களத்தில் சொன்னார். விசாரணை ஐயா சிரித்தார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மாமாவின் சட்டையைப் பிடித்தார். பியோன் ஓடி வந்தான். ஆம்பிளைகள் எல்லோரும் வெளியே போங்கள் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மாமா மகனும் போனான். போகும்போது அக்காவைப் பார்க்கவே இல்லை. அதுவும் எனக்கு அப்போது ஒன்றுமாகப் படவில்லை.

உள்ளே அம்மா, அக்கா, அத்தை, நான்.

"பிள்ளை, நீர் சொல்லும்" என்றார் யாழ்ப்பாணத்து ஐயா. "இவையோட போறீரோ, தாய் தேப்பனோட நிக்கிறீரோ?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கால் பெருவிரலால் பலகைத் தரையைத் தேய்த்தாள்.

"வாய் திறந்து சொல்லும். இஞ்ச ஒருத்தரும் அடிக்க மாட்டினம்."

தலை இன்னும் குனிந்தது.

"அம்மா, நீங்கள் தாய். நீங்கள் சொல்லுங்கோ."

"அவுக இருக்கும்போது நா என்னாங்க சொல்றது" என்றாள் அம்மா.

"அவர் வெளியிலயெல்லோ நிக்கிறார்?"

அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இவ சொல்ல மாட்டாங்கய்யா, நா சொல்றேன்" என்று வந்தாள். "உம்மட்டைக் கேக்கேல்லை" என்று அவர் கையைக் காட்டினார்.

விசாரணை ஐயா பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே இன்னும் எத்தனையோ குடும்பம் காத்துக்கொண்டு நின்றது. யாழ்ப்பாணத்து ஐயா குனிந்து என்னைப் பார்த்தார்.

"நீ பள்ளிக்கூடம் போறனியோ?"

"ஆமாங்க."

"எத்தினையாம் வகுப்பு?"

"மூணுங்க."

"கெட்டிக்காரி. பயப்பிடாதை. அக்கா மாமாவையோட போகப் போறாவோ? ஓமோ, இல்லையோ?"

ஓம் என்றால் எனக்குக் கோயிலில் பூசாரி சொல்வது மட்டும்தான் தெரியும். இந்த இடத்தில் ஏன் மந்திரம் கேட்கிறார் என்று விழித்தேன். விசாரணை ஐயா பேனாவை வைத்துவிட்டு, "கியன்ன நங்கி" என்றார். சொல்லு தங்கச்சி என்று அர்த்தம். அந்தக் குரல் நல்ல குரல். அதனால்தான் அழுகை வரவில்லை.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகை ஒட்டி அக்கா நின்றாள். அம்மா இரண்டு கண்ணையும் மூடினாள். மெதுவாக. திறந்தாள்.

"ஆமாங்க" என்றேன்.

"ஓம் எண்டுது பிள்ளை" என்றார் யாழ்ப்பாணத்து ஐயா. பிறகு அதைச் சிங்களத்தில் சொன்னார்.

விசாரணை ஐயா அக்காவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேரும் மறுக்கவில்லை. எழுதினார். அக்கா கையெழுத்துப் போட்டாள். அம்மா கைநாட்டு வைத்தாள். முடிவு கடிதத்தில் வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

பஸ்ஸில் அப்பா கேட்டார். "என்னா கேட்டாங்க?"

"வயசு கேட்டாங்க" என்றாள் அம்மா.

நான் அம்மாவைப் பார்த்தேன். புருவம் ஏறியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். கண் படித்ததற்கு வீட்டுக்குப் போனதும் அம்மா ஏதாவது கொடுப்பாள் என்றுதான் நினைத்தேன்.

கடிதம் வருவதற்குள் மழை விட்டது. கண் நோவும் போய்விட்டது. தோட்டத்துக் கந்தோரில் கணக்கப்பிள்ளை அதைப் பிரித்துச் சத்தமாக வாசித்தார். அக்கா பெயர் மாமா குடும்பத்தில் இருந்தது. அப்பா இரண்டாவது முறை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது முறை வாசிக்கச் சொன்னார். பிறகு லயத்துக்கு நடந்து வந்தார். வாசலில் இருமவில்லை. அதுவே முதல் அதிர்ச்சி. அப்பா இருமாமல் உள்ளே வந்து நான் பார்த்ததில்லை.

"யாரு சொன்னது?" என்றார்.

அக்கா தண்ணீருக்குப் பீலிக்கரைக்குப் போயிருந்தாள். பக்கத்துக் காம்பராக்களில் சத்தம் நின்றுவிட்டது.

"கைநாட்டு வச்சியே, என்னான்னு கேட்டியா?"

"எனக்கென்னா தெரியும். வைக்கச் சொன்னாங்க, வச்சேன்."

"அங்க யாரு ஆமான்னு சொன்னது? எவ சொன்னாளோ அவ இன்னிக்கே வெளிய போகணும்."

அம்மாவின் கை அடுப்புக் குச்சியைப் பிடித்தபடி நின்றுவிட்டது. பிறகு சொன்னாள்.

"சின்னவ சொல்லிட்டா. எனக்கு அன்னிக்குக் கண்ணு நோவு. எரிச்சல் தாங்காம மூடுனேன். நா சரின்னு சொன்னேன்னு நெனச்சு இவ ஆமாங்கன்னுட்டா."

கவ்வாத்து வெட்டிக் காயவைத்த தேயிலைக் குச்சியை மிலாறு என்போம். விறகுக்கு அடுக்கி வைத்திருப்போம். அப்பா அதில் ஒன்றை உருவினார். அதற்கு முன் அவர் என்னை அடித்ததில்லை. மூன்று குச்சி உடைந்தது. அடி எனக்கு ஞாபகமில்லை. நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்பதுதான் உள்ளே போய் நின்றது. நோவு எரிந்து மூடிய கண்ணை ஆமாம் என்று படித்துவிட்டேன். அக்காவை நான் தொலைத்துவிட்டேன்.

அம்மா தடுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

அப்பா தலைவரிடம் போனார். டவுனுக்கு நாலு தரம் போனார். பெண் வயது வந்தவள், கையெழுத்துப் போட்டிருக்கிறாள், மாற்ற முடியாது என்றார்கள். அக்காவைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்தாள். பயந்துவிட்டாள் பிள்ளை என்று சொல்லி அப்பா அழுதார். மாமா வீட்டில் சின்னதாகக் கல்யாணம் நடந்தது. அப்பா போகவில்லை.

அன்றிலிருந்து அப்பா என்னிடம் பேசுவதை விட்டுவிட்டார். தேத்தண்ணி வேண்டும் என்றால் பேணியை என் பக்கம் நகர்த்துவார். தம்பியிடம், "அவளை விளக்கக் கொளுத்தச் சொல்லு" என்பார். நான் இரண்டடி தள்ளி நிற்பேன்.

அவர்கள் ஏறுகிற கோச்சி, அதாவது ரயில், போகிற அன்று அப்பா மலைக்கு வேலைக்குப் போய்விட்டார். அம்மாவும் நானும் தம்பியும் கண்டி ஸ்டேசனுக்குப் போனோம். அந்த நாட்களில் அந்த ஸ்டேசனைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தகரப் பெட்டி, பாய்ச் சுருள், கோழிக்கூடு. ஒரு கிழவர் தூணைக் கட்டிக்கொண்டு விடவில்லை. நாலு பேர் பிரித்தார்கள். அழுகைச் சத்தத்தில் கோச்சி ஊதியதே கேட்கவில்லை.

அம்மா மட்டும் அழவில்லை. பக்கத்தில் நின்றவள், "கல்லு நெஞ்சுடி ஒனக்கு" என்று அம்மாவை இடித்தாள். அக்கா ஜன்னலில் இருந்தாள். கோச்சி நகர்ந்தது. அம்மா அக்காவைப் பார்த்து இரண்டு கண்ணையும் மூடித் திறந்தாள். நான் பார்த்தேன். நோவு இன்னும் விடவில்லை போல என்று நினைத்தேன். லயத்தில் எல்லோருக்கும் ஆறி மாதக்கணக்கு ஆகியிருந்தது. அது எனக்குத் தோன்றவில்லை.

அக்கா அங்கே கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். அங்கேயும் தேயிலைதான். முதலில் கடிதம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார்தான் வாசிப்பார், வாசலில் பத்துப் பேர் நின்று கேட்பார்கள். அப்படிப்பட்ட கடிதத்தில் நான் என்ன கேட்பது, மன்னித்துக்கொள் என்றா? பிறகு நாட்டில் சண்டைக் காலம். கடிதம் நின்றது. அப்பா செத்தார். எட்டு வருடம் கழித்து அம்மா செத்தாள். அம்மா கடைசி வரைக்கும் என்னிடம் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். முதுமை என்று எடுத்துக்கொண்டேன்.

நான் முப்பது வருடம் கொழுந்து எடுத்தேன். இப்போது கட்டுகஸ்தோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவனுக்கு ஒரு கடையில் வேலை. போன மாதம் அக்காவின் பேத்தி எப்படியோ எங்களைத் தேடிப் பிடித்து, போனில் முகம் பார்த்துப் பேச வைத்தாள்.

அக்காவுக்குக் காது போய்விட்டது. நான் பேசுவது ஒன்றும் விழாது. அவள் மட்டும் பேசுவாள், சத்தமாக. எழுதிக் காட்டலாம் என்றால் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எப்படிச் சொல்வது? போனை நிமிர்த்தி வைத்தேன். என் நெஞ்சைத் தொட்டேன். என் கண்ணைத் தொட்டேன். மூடித் திறந்தேன். பிறகு கையைக் கும்பிட்டேன். அன்றைக்கு நான் தப்பாகப் படித்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்று.

அக்கா சிரித்தாள். பல் இல்லாத சிரிப்பு.

"யே, ஒனக்கு இன்னும் ஞாபகம் இருக்காடி! நான்ல ஒன்னயக் கும்புடணும்? அந்தக் கண்ணு மட்டும் இல்லேன்னா நா தோட்டத்து ஆத்துல விழுந்து செத்திருப்பேன்."

எனக்குப் புரியவில்லை. கையை விரித்தேன்.

"விசாரணைக்கு மொத நாளு பீலிக்கரையில அம்மா கால்ல விழுந்தேன். பொம்பளைங்க பாத்தாத் தெரிஞ்சிரும்னு கொடத்தோட வழுக்குன மாதிரி விழுந்தேன். கால விடல. அம்மாவுக்கு வெளங்கிருச்சு. எம் முடியப் புடிச்சு ஒரு இழுப்பு. அப்புறம் விட்டுருச்சு. ஒத்த வார்த்த பேசல. விடிய விடிய அழுதுச்சு, பாவம். கண்ணெல்லாம் ரத்தமாக் கெடந்துச்சே, பஸ்ல பாத்தியே."

நான் கண்ணைக் கசக்கிக் காட்டினேன். நோவு என்று.

"நோவா? ஒனக்கும் தம்பிக்கும்ல வந்துச்சு? அம்மாவுக்கு அது வரவே இல்லியே."

மகன் பக்கத்தில் இருந்து, "என்னம்மா, வேர்க்குது ஒங்களுக்கு" என்றான். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"அந்த ரூம்புல அம்மா முதுகுல ஒரு வெரல வச்சு அழுத்துனேன்" என்றாள் அக்கா. "அம்மா ஒனக்குக் கண்ணு காட்டுச்சு. நீ சரியாப் புடிச்சுக்கிட்டே. அந்த வயசுல என்னா கெட்டிக்காரி நீ! எங்க வீட்டுக்காரரு சாகுற வரைக்கும் சொல்லுவாரு, சின்னக் குட்டியாலதான் நம்ம சேந்தோம்னு."

நான் சரியாகத்தான் படித்திருக்கிறேன். சரியாகப் படித்தேன் என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். பெண்டாட்டியை வீட்டை விட்டுத் துரத்தலாம், ஒன்பது வயதுப் பிள்ளையைத் துரத்த முடியாது. அந்த ஒரு நிமிடத்தில் அம்மா அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பாள். இப்போது விளங்குகிறது. விளங்கினாலும் ஆறவில்லை. பிறகும் எவ்வளவோ நாள் இருந்தது. அப்பா செத்த பிறகும் எட்டு வருடம் இருந்தது.

அக்கா போனுக்குக் கிட்டே வந்தாள். முகம் முழுக்க நிறைந்தது.

"அம்மா அப்புறமா அப்பாகிட்ட உண்மையச் சொல்லிருச்சில்ல? எனக்கு அதாண்டி இத்தன வருசமா மனசுல கெடந்துச்சு."

நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுபது வயது. காது இல்லை. புருசன் இல்லை. தலையை ஆட்டினேன், சொல்லிவிட்டாள் என்று.

"அடிச்சாரா அம்மாவ?"

கையை அசைத்தேன், இல்லை என்று.

"அப்பா நல்ல மனுசன்டி" என்று சொல்லி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நாந்தான் சும்மா பயந்து கெடந்தேன்." பேத்தி போனை வாங்கி, பிறகு பேசுகிறோம் என்று வைத்துவிட்டாள்.

மகன் என்ன விசயம் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். அவன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். அது ஆறிப் போகும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

கடிதம் வந்த நாளிலிருந்து சாகும் வரைக்கும் அப்பா என் முகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை எண்ணிப் பார்த்தேன். மறுநாள் காலை நான் புத்தகத்தை எடுத்தபோது, "போதும்." பள்ளிக்கூடம் அதோடு நின்றது. மலைச் சரிவில் மூட்டையோடு நான் வழுக்கியபோது, "பாத்து." என் கல்யாணத்தன்று காலில் விழுந்தபோது, "நல்லா இரு." கடைசியாக ஆஸ்பத்திரியில், என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா எங்க?"

வேறு ஏதாவது விட்டுப்போனதா என்று யோசித்தேன். இல்லை. விரல் விட்டு மறுபடியும் எண்ணினேன்.

ஆறு.